எழுபத்திரண்டு கிலோ

வரிசை நகரவில்லை. நகராத ஒன்றுக்குப் போய் வரிசை என்று பேர் வைத்தவன் எவனோ, அவனைப் பிடித்துக்கொண்டு வந்து இதே சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி, வயிறு முட்ட மூன்று லிட்டர் தண்ணீரும் புகட்டி, கூப்பிடும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவைக்க வேண்டும், அப்போது தெரியும் அவனுக்கு என்று குற்றாலிங்கம் பல்லைக் கடித்தார். பல்லைக் கடித்தால் கொஞ்சம் தாங்குகிறது. வலது காலைத் தூக்கி இடது காலின் மேல் போட்டால் இன்னும் கொஞ்சம் தாங்குகிறது. மாற்றிப் போட்டால் மோசம். காலையில் பல் தேய்த்த கையோடு ஒரு சொம்பு, இட்லிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. உலகம்மாள் புறவாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் குடத்தைச் சரித்து மொண்டு மொண்டு குடித்தது தனி. லிட்டருக்கு ஒரு கிலோ. டீசல் என்றால் கொஞ்சம் குறையும், சர்வீஸ் பூராவும் தாசில்தார் ஜீப்புக்கு டீசல் பிடித்த மனுஷனுக்கு அதுகூடவா தெரியாது. தண்ணீர் என்றால் சுத்தமாக ஒரு கிலோ. ஆக உள்ளே கிடப்பது மூன்று கிலோ. அதை இந்தக் கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் இருக்கிற தகரக் கதவுக்குள் கொண்டுபோய்க் கொட்டிவிட்டால் வந்த காரியம் கெட்டது. தகரக் கதவு திறந்தது. யாரோ ஒருத்தர் வேட்டியைச் சரிசெய்தபடி, உலகத்தில் தனக்கு இனி ஒரு குறையுமில்லை என்ற முகத்தோடு வெளியே வந்தார். உள்ளே குழாய்த் தண்ணீர் வாளியில் சொட்டுகிற சத்தம். சொட். சொட். மூடித் தொலையேன்யா கதவை.

அறுபது தாண்டியவர்களின் இருதயத்தைப் பற்றி ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரி நடத்துகிற ஆராய்ச்சி. ஆறு மாதத்துக்கு ஒருதடவை போன் வரும். சௌக்கியமா, உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு, இடுப்புச் சுற்றளவு எவ்வளவு, பீடி சிகரெட் உண்டா என்று ஒரு பெண்பிள்ளை கேட்கும், இவர்கள் வாயில் வந்ததைச் சொல்வார்கள், அது எழுதிக்கொள்ளும். வருஷக்கணக்காக இப்படியே சுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது எந்தப் புண்ணியவானுக்கு என்ன தோன்றியதோ, சனங்கள் போனில் சொன்னதெல்லாம் நிஜந்தானா என்று நேரில் அளந்து ஒத்துப் பார்க்கப் போகிறார்களாம். தென்காசியில் முகூர்த்தமில்லாத நாளாகப் பார்த்து இந்த மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தைப் பிடித்து, பச்சைத் துணித் தட்டி கட்டி, தட்டிக்கு முன்னால் ஒரு மேசை, மேசைக்குப் பக்கத்தில் ஒரு உயரக்கோல், அதற்குப் பக்கத்தில் அது. தரையோடு தரையாக, கறுப்புக் கண்ணாடி போட்டு, சிவப்பு எழுத்தில் எண் எரிகிற எடைமெஷின். எண் என்றால் சின்ன எண்ணா, கடைசி நாற்காலியில் இருக்கிற கண்ணாடி போட்ட கிழவிகூட வாசிக்கலாம், அவ்வளவு பெரிது. இவ்வளவு பெரிதாக எரிய என்ன அவசியம்? ஒருத்தனுடைய எடை ஒருத்தனுக்குத் தெரிந்தால் போதாதா? பக்கத்து நாற்காலியில் உலகம்மாள், அவருடைய சம்சாரம், மடியில் பையை வைத்துக்கொண்டு அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், டிவியில் நாடகம் பார்க்கிற மாதிரி. அவள் வரவேண்டிய வேலையே இல்லை. ஆராய்ச்சியில் இருப்பது அவர், அவள் இல்லை. "நானும் வாறேன், அந்தப் பிள்ள குரலைத்தான் கேட்டிருக்கேன், முகத்தப் பாக்க வேண்டாமா" என்று கிளம்பிவிட்டாள். முகமாம் முகம்.

அவள் மட்டும் வராமலிருந்தால் இத்தனை தண்ணீர் குடித்திருக்க வேண்டாம். சொன்னது எழுபத்திரண்டு. ஒவ்வொரு தடவையும் எழுபத்திரண்டு. முதல்தடவை கேட்டபோது அது சத்தியமான எழுபத்திரண்டு. அதற்கு முந்தின நாள்தான் உரக்கடைப் பிச்சையா, "என்ன அண்ணாச்சி, ஒரு மூட்டை யூரியாவும் நீங்களும் ஒண்ணா நின்னா எது கனம்னு பாத்துருவோமா" என்று பந்தயம் கட்டி மூட்டைத் தராசில் ஏற்றினான். எழுபத்திரண்டு. பிச்சையா ஒரு டீ வாங்கிக்கொடுத்தான். அந்த எண் அவருக்குப் பிடித்துப் போயிற்று. வட்டமாக, கனமாக, உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருக்கிற எண். அதற்குப் பிறகு கேட்டபோதெல்லாம் ஏறிப் பார்க்காமலே அதையே சொன்னார், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், பிறந்த தேதியைத் தினமும் போய்ப் பார்த்துவிட்டா சொல்கிறார்கள்? ஆனால் கடைசி இரண்டு போனில் அந்த எண்ணைச் சொன்னபோது நாக்கு கொஞ்சம் வறண்டது. ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, அடுக்களைக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார். ஏனென்றால் உலகம்மாள் அதற்கு முன்னால் இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டாள்: "ஏங்க, கழுத்தெலும்பு தெரியுத மாதிரி இருக்கே, சாப்பிடுதியளா இல்லியா?" போனை வைத்ததும் அவர் சொன்னார்: "கேட்டியா? எழுபத்திரண்டு. ஆஸ்பத்திரிக்காரனே எழுதிக்கிட்டான். இதுல கோளாறு இருந்தா அவன் சும்மா விடுவானா?" அவள் யோசித்தாள். "அதுஞ்சரிதான். அவங்களுக்குத் தெரியாததா" என்று போய்விட்டாள். தீர்ந்தது வழக்கு. இவர் சொன்னதை ஆஸ்பத்திரி நம்பியது. ஆஸ்பத்திரி நம்பியதை அவள் நம்பினாள். இதில் விசித்திரம், அவள் நம்பியதைப் பார்த்து இவருக்கே ஒரு நம்பிக்கை வந்தது. ஒன்றும் இல்லை போலிருக்கிறது. இருந்தால் ஆஸ்பத்திரி சொல்லியிருக்குமே. ஆஸ்பத்திரிக்கு யார் சொன்னது? நான். எனக்கு யார் சொன்னது? ஆஸ்பத்திரி ஒன்றும் சொல்லவில்லையே, அதுதான். குற்றாலம் மெயின் ரோட்டில் ஆள் இல்லாத ஜீப் தன்னால் வட்டம் போடுகிற மாதிரி அந்த நினைப்பு மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இடித்தது.

வேர்த்தது. மேலே மின்விசிறி ஓடுகிறதா ஊர்கிறதா என்று தெரியவில்லை. சட்டைக்குள் இரண்டு பனியன், அதற்கு மேல் கழுத்துப் பொத்தான் வரை போட்ட முழுக்கைச் சட்டை, இடுப்பில் பச்சை பெல்ட், பெல்ட் பைக்குள் வீட்டுச் சாவி, பெட்டிச் சாவி, என்றைக்கோ விற்றுப்போன ஸ்கூட்டரின் சாவி. வேர்க்கிறதே, ஐயோ, வேர்வையும் தண்ணீர்தானே, குடித்த தண்ணீரெல்லாம் முதுகு வழியாக ஓடிக்கொண்டிருக்கிறதே என்று அவர் பதறினார். துண்டை எடுத்துத் துடைக்கலாமா? துடைத்தால் போயே போச்சு. துடைக்காமல் விட்டால் பனியனிலாவது இருக்கும். அண்ணன் கோமதிநாயகத்துக்கும் இப்படித்தான் வேர்த்தது. வேண்டாம், அவனை இப்போது நினைக்க வேண்டாம். வேண்டாம் என்றால் போகிறவனா அவன், உயிரோடு இருக்கும்போதே சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து நிற்கிறவன். இளைக்க ஆரம்பித்தபோது ஊரே அவனைப் பாராட்டியது. "நாயகம் அண்ணாச்சி, என்ன வாலிபம் திரும்பிட்டு! வாக்கிங் போறியளா?" என்றார்கள். இவரே சொன்னார். இவரேதான், "அண்ணே, தொப்பையெல்லாம் எங்க வித்த? நல்ல விலைக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். அவனும் சிரித்தான். கண்ணாடியில் பக்கவாட்டில் நின்று வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அடுத்த கோடைக்கு அவன் இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனைத் தூக்கிப் புரட்டிப் படுக்கவைத்தபோது இவர் கைக்கு ஒரு கனமும் தெரியவில்லை, வெறும் தலையணை உறையைத் தூக்கின மாதிரி இருந்தது. அந்தக் கை. இந்தக் கைதான். குற்றாலிங்கம் கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். தன் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்த அன்றிலிருந்து, அவர் எந்தத் தராசிலும் ஏறவில்லை. பிச்சையா கடைப் பக்கம் போவதே இல்லை. மருந்துக்கடை வாசலில் ஒரு மெஷின் நிற்கிறது, அதில் கலர் கலராக விளக்குச் சுற்றும். அதைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். பார்க்காதவரை எழுபத்திரண்டு. பார்த்தால்தானே குறையும்.

"அண்ணாச்சி, என்ன நெளியுதிய? மூலமா?" என்றார் முன்னால் உட்கார்ந்திருந்த ஆவுடையப்பன். ஜவுளிக்கடையில் காலமெல்லாம் துணி கிழித்து ஓய்வு பெற்றவர். அவருக்கு முன்னால் அவர் தொப்பை உட்கார்ந்திருந்தது. "இல்ல வே, நாற்காலி சரியில்ல" என்றார் குற்றாலிங்கம். "நாற்காலியச் சொல்லாதீரும். நான் உட்காந்தே அது ஒடையல. நான் இடுப்பு முப்பத்திநாலுன்னு சொல்லிருக்கேன் பாத்துக்கிடும். எனக்கென்ன பயம்? பேன்ட்லயே போட்டிருக்கு." அவரைக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்பிள்ளை, கழுத்து அட்டையில் ஜெசிந்தா என்று இருந்தது, டேப்பை எடுத்துக்கொண்டு வந்து தொப்புளுக்கு நேராகச் சுற்றியது. டேப் சுற்றி வருவதற்கு நேரமெடுத்தது. "நாப்பத்தி மூணு சார்." "என்னது!" ஆவுடையப்பன் பேன்ட்டின் இடுப்புப் பட்டியைப் புரட்டி, உள்ளே தைத்திருந்த சீட்டை இழுத்துக் காட்டினார். "எழுத்து தெரியும்லா ஒனக்கு? வாசி. என்ன போட்டிருக்கு? முப்பத்திநாலு! கம்பெனிக்காரன் பொய் சொல்லுவானா?" "சார், பேன்ட் தொப்பைக்குக் கீழ நிக்கி. நான் அளக்கது தொப்பைய." கூடமே சிரித்தது. உலகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஜெசிந்தாவும் சிரித்தபடி, கையிலிருந்த சிலேட்டு மாதிரியான கம்ப்யூட்டரில் எதையோ அமுக்கியது. ஆவுடையப்பன் எடைமெஷினில் ஏறினார். சிவப்பில் தொண்ணூற்றொன்று எரிந்தது. போனில் எண்பது என்று சொல்லியிருந்தாராம். "குறைச்சுச் சொன்னவர்" என்று ஜெசிந்தா அமுக்கியது. ஆவுடையப்பனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. "கூட ஒரு பதினொரு கிலோ இருக்குன்னா சந்தோசப்படணும்லா" என்று சொல்லிவிட்டு மோர் வாங்கிக் குடிக்கப் போனார். கூட இருக்கிறவன் சிரித்துக்கொண்டே போகிறான். அவனுக்கென்ன.

மோர்! மோர் கொடுக்கிற ஆள் இங்கேயும் வந்துவிட்டான். குற்றாலிங்கம் வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் ஒரு யோசனை குறுக்கே விழுந்தது: ஒரு தம்ளர் என்றால் கால் கிலோ. இரண்டு தம்ளர் வாங்கிக் குடித்தார். மூன்றாவதுக்குக் கை நீட்டியபோது உலகம்மாள் திரும்பிப் பார்த்தாள். "வீட்ல தண்ணிப்பானையக் காலி பண்ணது பத்தாதா? என்ன தாகம் இது?" தெரிந்திருக்கிறது. எதுதான் தெரியாது அவளுக்கு? "வெயிலு" என்றார். "வெயிலா? சாரல் அடிக்கி வெளிய." சாரல் அடித்தது. ஜன்னலுக்கு வெளியே பொடிப்பொடியாக, ஓசையில்லாமல், பார்க்கப் பார்க்க அடிவயிறு கூசுகிற மாதிரி மழை. வானம்கூட அடக்காமல் பெய்கிறது. இவர்கள் ஒருவர் உயரத்தை அளக்க இவ்வளவு நேரமா? தலையில் பலகையை இறக்கினால் முடிந்தது, அதை மூன்று தடவை இறக்குகிறார்கள். ஏனாம்? ஒருதடவை பார்த்ததை இவர்களே நம்புவதில்லை. அப்படிப்பட்டவர்கள் ஊரான் வாயால் சொன்னதை இத்தனை வருஷம் எப்படி நம்பினார்கள்? உயரம் நூற்றி எழுபது என்று சொல்லியிருந்தார். அது சும்மா சொன்னது, அதற்கு அவர் வெட்கப்படவில்லை. போலீஸ் செலக்‌ஷனுக்குப் போன காலத்தில், நின்றால் முதுகெலும்பு அமுங்கும், படுத்தே போனால் ஒரு விரற்கடை கூடும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு, சேக்காளிகள் அவரை முந்தின நாளிலிருந்தே படுக்கப்போட்டு, பெஞ்சோடு மாட்டுவண்டியில் ஏற்றி, வழியில் பார்த்தவர்கள் எந்த ஊர்ப் பிணம் என்று விசாரிக்க விசாரிக்க மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். உயரப்பலகைக்குக் கீழேதான் நிமிர்த்தினார்கள். நிமிர்த்தின வேகத்தில் ஒரு தும்மல் வந்தது. தும்மலில் அரை சென்டிமீட்டர் போயிற்று. ஆனால் கதை சொல்லும்போது அப்படியா சொல்ல முடியும்? "ஆளு ரொம்ப ஒசரம், ஜீப்புல ஏறுனா தலை இடிக்கும்னு திருப்பி அனுப்பிட்டான்" என்றுதான் சொல்வார். சேக்காளிகள் சொல்லித் தும்மல் விஷயம் தெரிந்த உலகம்மாள் ஒவ்வொரு தடவையும் விடாமல் கேட்பாள்: "ஜீப்புல தலை இடிக்கும்னு அனுப்புன ஆளையாக்கும் கவர்மென்டு சர்வீஸ் பூரா ஜீப்பு ஓட்ட வச்சுது?"

சிறுத்தை வேறு. அதை எதற்குப் போனில் சொன்னோம்? அந்தப் பிள்ளை பாவம், "உடம்புல பழைய காயம், ஆபரேசன் ஏதாவது உண்டா அய்யா" என்றுதான் கேட்டது. செங்கோட்டைக்கு அங்கிட்டு மலை வளைவில் ஜீப்பின் பின்சீட்டில் சிறுத்தை ஏறி உட்கார்ந்துகொண்டதையும், தாசில்தார் என்று நினைத்து இவர் அதனிடம் சம்பள உயர்வு கேட்டதையும், அது இறங்கும்போது தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனதையும், அந்தத் தழும்பையும் சொன்னார். அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பைக் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது. யாராவது சிரிக்கிறார்கள் என்றால் அந்த நேரத்துக்கு உடம்பு இல்லை, எலும்பு இல்லை, அண்ணன் இல்லை. இப்போது அடிவயிற்றில் ஒரு குத்து குத்தியது பாருங்கள், உடம்பு இருக்கிறது என்று. இன்னும் ஒரே ஒரு ஆள். போய்விட்டு வந்துவிடலாமா? போனால் மூன்று கிலோ. போகாவிட்டால் இங்கேயே போகும், அப்போதும் மூன்று கிலோ, மானமும் சேர்த்து. மூன்று கிலோவை வைத்து எழுபத்திரண்டுக்கு எட்டிவிடுமா? எட்டலாம். அறுபத்தொன்பது இருந்தால் எட்டும். அறுபத்தெட்டு இருந்தால்கூட, சாவி, பெல்ட், மோர், எட்டும். அதற்குக் கீழே இருக்காது. இருக்குமா? இருக்காது. அறுபத்தைந்து என்றால் என்ன சொல்லலாம் என்று ஒரு கதை யோசித்தார். மெஷின் ரிப்பேர் என்று சொல்லலாம். அறுபது என்றால்? அறுபதுக்குக் கதை வரவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு எண்ணுக்கு அவரிடம் கதை இல்லை.

"குற்றாலிங்கம் அய்யா!" எழுந்தார். எழுந்த நிமிஷம் தண்ணீர் கீழே இறங்கி முட்டியது. குனிந்தபடியே நாலெட்டு நடந்தார். ஜெசிந்தா கையிலிருந்த சிலேட்டைப் பார்த்தது, முகத்தைப் பார்த்தது, மலர்ந்துவிட்டது. "அய்யா நீங்கதானா! சிறுத்தைகிட்ட சம்பளம் கேட்டவங்க!" "நான்தான் தாயி" என்றார். சந்தோஷப்பட நேரமில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னது. பெல்ட்டைக் கழற்றச் சொன்னது. "பெல்ட் எதுக்கு தாயி, அதுபாட்டுக்கு இருக்கட்டுமே." "கனம் காட்டும் அய்யா." கனம் காட்டத்தானே கட்டிக்கொண்டு வந்தது. சாவிகளோடு பெல்ட் மேசைக்குப் போயிற்று. உயரக்கோலில் நிறுத்திப் பலகையை இறக்கியது. மூன்று தடவையும் நூற்றி அறுபத்தாறு. "நாலு கூட்டிச் சொல்லிருக்கீங்க" என்று குறும்பாகப் பார்த்தது. "வயசாயிட்டுல்லா, தேஞ்சிருக்கும்" என்றார். பின்னாலிருந்து உலகம்மாளின் குரல் வந்தது: "ஆமா, தும்முனாவ!" யாரோ சிரித்தார்கள். இந்தச் சிரிப்பிலேயே நேரத்தை ஓட்டி வெளியே போய்விட வழி உண்டா என்று அவர் கண் தேடியது. வழி இல்லை. முன்னால் கறுப்புக் கண்ணாடி. ஏறினார். கால்விரல்களை மடக்கி அழுத்தினார், அழுத்தினால் கூடக் காட்டுமோ என்று. சிவப்பு எண்கள் ஓடின, தடுமாறின, எழுபது என்று ஒரு கணம் வந்த மாதிரி இருந்தது, சத்தியமாக வந்தது, பிறகு நின்றன. ஐம்பத்தெட்டு புள்ளி இரண்டு. அவர் அதையே பார்த்தார். ஐம்பத்தெட்டு. மூன்று கிலோ தண்ணீரோடு. மோரோடு. ஆக, ஐம்பத்தைந்து. கழிக்காதே, கழிக்காதே என்றாலும் கேட்காமல் மனசு கழித்துவிட்டது. ஐம்பத்தைந்து கிலோ. மூத்திரம் முட்டுவது நின்றுபோயிருந்தது. உடம்பில் எதுவும் முட்டவில்லை. தலையணை உறை.

"நீங்க சொன்னது எழுபத்திரண்டு" என்றது ஜெசிந்தா, குனிந்து தட்டிக்கொண்டே. "பதினாலு கிலோ கூட்டிருக்கீங்க. பரவால்ல அய்யா, எல்லாரும் கூட்டியோ குறைச்சோதான் சொல்லுவாங்க, அது எவ்வளவுன்னு பாக்கத்தான் நாங்க வந்ததே. ஆனா நீங்கதான் இன்னைக்கு ஃபர்ஸ்ட்டு. சிறுத்தைய ஏத்துனவங்கல்லா." அதன் கட்டைவிரல் சிலேட்டின் கண்ணாடிக்கு மேல் நின்றது. கூட்டிச் சொன்னவர். அவ்வளவுதான். அமுக்கினால் முடிந்தது. குற்றாலிங்கம் திரும்பிப் பார்த்தார். உலகம்மாள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தாள், கண் சிவப்பு எண்ணில் நிலைகுத்தி நின்றது. ஜெசிந்தா சொன்னதைக் கேட்டதும் அந்த முகத்தில் பூட்டு விலகின மாதிரி ஒரு தளர்ச்சி. "அதானே பாத்தேன்" என்றாள். "என்னைக்குத்தான் உள்ளதச் சொல்லிருக்காவ? எழுபத்திரண்டாம்!" சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டாள். ஆகா, இப்படி ஒரு கதவு திறக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. குடித்த தண்ணீரெல்லாம் வீண். பொய்யன் என்று ஒரு வார்த்தை, அதற்குள் பதினாலு கிலோவையும் மடித்து வைத்துவிடலாம். எப்போதுமே ஐம்பத்தெட்டுதான் இருந்தேன், சும்மா அளந்துவிட்டேன் என்று தலையைச் சொறிந்தால் போதும். அவள் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கேலி செய்வாள். ராத்திரி ரசம் வைப்பாள். ஒருவரும் எந்த டாக்டரிடமும் போக வேண்டாம். நல்லதுதானே. நல்லதுதான். அப்புறம் ஏன் நெஞ்சுக்குள் இப்படி எரிகிறது? வாழ்நாளில் சொன்ன பொய்களை வரிசையாக நிறுத்தினால் இந்த மண்டபம் கொள்ளாது. அத்தனையையும் நம்பினார்கள், ரசித்தார்கள், மறுபடி சொல்லச் சொன்னார்கள். ஒரே ஒரு நிஜம், உரக்கடையில் நின்று பந்தயத்தில் ஜெயித்த நிஜம், அதையா பொய் என்று அமுக்கப் போகிறது இந்தப் பிள்ளை? அமுக்கிவிட்டால் அந்தப் பதினாலு கிலோ இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். இல்லாதது எங்கே போயிற்று என்று யார் தேடப்போகிறார்கள்? அண்ணனைப் பார்த்தும் ஊர் சிரிக்கத்தான் சிரித்தது. கட்டைவிரல் இறங்கியது.

"அமுக்காத!" என்றார்.

கூடம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டார். ஜெசிந்தா விரலை எடுத்தது.

"பொய்யில்ல. எழுபத்திரண்டு இருந்தேன். இருந்தேன் தாயி. இப்ப இல்ல."

"அய்யா..." அந்தப் பிள்ளை இன்னும் முழுதாகச் சிரிப்பை விடவில்லை. "இதுவும் சிறுத்தை மாதிரியா?"

அவர் வாயைத் திறந்தார். இதற்கு என்ன அத்தாட்சி காட்டுவது? பிச்சையாவைக் கூப்பிடவா? யூரியா மூட்டையைக் கூப்பிடவா? "சத்தியமா" என்றார், அது அவர் ஒவ்வொரு கதையிலும் சொல்கிற வார்த்தை. உடனே வெட்கமாகப் போயிற்று. "எப்ப குறைய ஆரம்பிச்சுது?" என்று அது கேட்டது. எப்போது? மூன்று நான்கு பதில்கள் வழக்கம்போல் நாக்கில் வந்து நின்றன, எல்லாம் நல்ல பதில்கள், கேட்டால் சிரிப்பு வரும். அவற்றை விழுங்கினார். "தெரியாது. பயந்துகிட்டு ஏறிப் பாக்கல."

நாற்காலி தரையில் உரசுகிற சத்தம். உலகம்மாள் வந்துகொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்த இடம் துடைத்த மாதிரி இருந்தது. வந்தவள் அவரைப் பார்க்கவில்லை. மேசையில் கையை ஊன்றி அந்தப் பிள்ளையைப் பார்த்தாள்.

"அவியகிட்ட என்னத்தக் கேக்க? நான் சொல்லுதேன், எழுது. கைகழுவும்போது மோதிரம் உருவி விழுந்துச்சு. கேட்டதுக்குச் சோப்பு வழுக்கிட்டுன்னாவ. மறுநாள் பாத்தா நூலு சுத்திப் போட்டிருக்காவ. ராத்திரி பொரண்டு படுத்தா தோள்பட்டை என்னைய இடிக்கி, இத்தனை வருசத்துல இடிச்சதில்ல. சோத்தப் பிசைஞ்சு பிசைஞ்சு தட்டு ஓரத்துல ஒதுக்குதாவ, தின்ன மாதிரி. நான் என்ன குருடியா? ஆனா ஒன் போனு வரும். நீ எழுதிக்கிடுவ. ஆஸ்பத்திரிக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிரப் போகுதுன்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். ஏம்மா, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நேர்ல வந்து பாப்போம்னு ஒங்களுக்குத் தோணலியா?"

"அம்மா, எங்களுக்கு நீங்க சொல்றதத்தான்..." என்று ஆரம்பித்து ஜெசிந்தா நிறுத்திக்கொண்டது. சிலேட்டைக் குப்புற வைத்தது. "பதினாலு கிலோன்னா டாக்டர் பாக்கணும். உள்ளதான் இருக்காங்க."

"பதினாலா? யாரு சொன்னா? இருபது கிலோ இருக்கும்."

"மெஷின்ல பதினாலும்மா..."

"ஒன் மெஷினுக்கு என்ன தெரியும்? இன்னைக்குப் பாத்திருக்கு. நான் தினம் பாக்கேன். இருபது. போயி அப்படியே சொல்லிக் கூப்பிடு." குரல் உடைந்து கீச்சென்று போயிற்று. கை மட்டும் மேசையை விட்டு வந்து அவர் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டது. பிடித்த விரல்கள் கையை முழுச்சுற்றாகச் சுற்றி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.

ஜெசிந்தா பச்சைத் தட்டிக்குப் பின்னால் ஓடியது. இருபது இல்லை, அவ்வளவு இருக்காது, இவள் கூட்டிச் சொல்கிறாள் என்று குற்றாலிங்கத்துக்குத் தெரியும். திருத்தலாம் என்று வாயெடுத்தவர், விட்டுவிட்டார். இருபது என்றால் டாக்டர் கொஞ்சம் எட்டி நடந்து வருவார்.